காலில் ஒட்டும் நிறப் பட்டி

இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி முடிந்து, என் தங்கை ஒருநாள் கெண்டைக்காலைப் பிடித்தபடி வீடு வந்தாள். தொலைக்காட்சியில் வீரர்கள் காலில் ஒட்டியிருக்கும் நிறப் பட்டி தனக்கும் வேண்டுமென்று வாப்பாவிடம் கேட்டாள். ஒட்டினால் கால் வேகமாகுமாம். உயிரியல் படிக்கும் ராத்தா என்ற உரிமையில் நான் இடையே புகுந்தேன்.

அந்தப் பட்டியை 1970களில் உருவாக்கியவர் ஜப்பானியரான கென்சோ காசே. தோலைப் போல இழுபடும் பருத்தித் துணி. ஒரு பக்கம் பசை. மருந்து எதுவும் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை கெரி வோல்ஷ் தோளில் ஒட்டி விளையாடியபின் உலகெங்கும் பேசப்பட்டது.

தோலில் ஒட்டுவது உள்ளேயுள்ள தசையை எப்படித் தூண்டும்? பட்டி தோலை இழுக்கும்போது அங்குள்ள உணர்விகள் முண்ணாணுக்குச் செய்தி அனுப்புகின்றன. அதனால் தசையின் இயக்க நரம்புகள் விழிப்படைகின்றன என்கிறார்கள். இது உண்மையா என்று அளக்க வழி உண்டு. வைத்தியர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதறுமல்லவா? அதுதான் தெறிவினை. சுத்தியலுக்குப் பதிலாக, முழங்காலின் பின்புற நரம்பில் மெல்லிய மின்துடிப்பைக் கொடுக்கிறார்கள். செய்தி முண்ணாணுக்குப் போய்த் திரும்பி, சுமார் 30 மில்லிசெக்கனில் கெண்டைக்கால் தசை துடிக்கிறது. இதை முதலில் விவரித்த ஜெர்மானியர் பெயரால் இது ஹொஃப்மன் தெறிவினை எனப்படுகிறது. துடிப்பு பெரிதானால் நரம்புகள் கூடுதலாகத் தூண்டப்பட்டுள்ளன என்று பொருள்.

பிரித்தானிய ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பட்டி ஒட்டியதும் நலமான கால்களில் இந்தத் துடிப்பு கூடியது. ஆனால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் நோவு உள்ளவர்களிடம் மாற்றமே இல்லை! வலியும் குறையவில்லை, ஒற்றைக்காலில் தாவிய தூரமும் கூடவில்லை. அதாவது தேவையில்லாத காலில் வேலை செய்தது, தேவைப்பட்ட காலில் செய்யவில்லை.

2015 இல் வெளியான ஹொங்கொங் ஆய்வு இன்னும் சுவையானது. இப்பட்டியைப் பற்றி அறியாத 30 பேரின் கண்களைக் கட்டிச் சோதித்தார்கள். முறையாக ஒட்டியபோதும், பெயருக்கு ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் தொடைத் தசையின் பலம் ஒன்றாகவே இருந்தது. வேறிடங்களில் கண்ட பலன்களில் நம்பிக்கைக்கும் பங்கிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டியை ஒட்டிவிட்டு வலியோடு ஓட விடாதீர்கள். வலி நீடித்தால் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள். (அத்துறையில் ஆர்வமுள்ள தோழிகளே, மாத்தளையிலிருந்து கண்டியைத் தாண்டினால் பேராதனைப் பல்கலைக்கழகம், இயன்மருத்துவப் பட்டப்படிப்பு அங்கே உண்டு.)

தங்கை ஒரு வாரம் ஓடாமல் இருந்தாள், வலி போய்விட்டது. பட்டி ஆசை மட்டும் போகவில்லை. இளஞ்சிவப்புதான் வேண்டுமாம்.