எந்தப் படியில் நிற்கிறீர்கள்?



ஆண்டுதோறும் மார்ச் மாதம் உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. 2018 முதல் 2025 வரை பின்லாந்துக்கே முதலிடம். 2025 பட்டியலில் இந்தியாவுக்கு 118ஆம் இடம். "நாம அவ்வளவு சோகமாவா இருக்கோம் அத்தா?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பலர் நினைப்பதுபோல் வருமானம், ஆயுள், ஊழல் எல்லாவற்றையும் கூட்டிப் போடும் மதிப்பெண் அல்ல அது. கேள்வி ஒன்றுதான். 1965இல் அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரில் வெளியிட்டது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி 10, உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேலப் நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் இதைக் கேட்கிறது. மூன்றாண்டுச் சராசரியை வைத்து வரிசை போடுகிறார்கள்.

கவனியுங்கள், கேள்வியில் மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை. ஏணி என்றதும் மனம் எங்கே போகும்? பிரிட்டனில் ஏறத்தாழ 1,600 பேரிடம் சோதித்த ஓர் ஆய்வு 2024இல் வந்தது. ஏணியைச் சொல்லிக் கேட்டபோது பணமும் அதிகாரமும் அதிகம் நினைவுக்கு வந்தன; ஏணியை விட்டுவிட்டுக் கேட்டபோது அந்த நினைப்பு குறைந்தது. அதே கேலப், "நேற்று நன்றாகச் சிரித்தீர்களா? மரியாதையாக நடத்தப்பட்டீர்களா?" என்றும் கேட்கிறது. அந்தப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலில் நின்றது பராகுவே!

நம்மிடம் சிக்கல் வேறு. உதவி தேவைப்படும் வீட்டில் போய் "எப்படிம்மா இருக்கீங்க?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். வசதியாக இருப்பவரும் அதையே சொல்கிறார். மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பவரும் அதையே சொல்கிறார். அது பொய்யல்ல. அவர் தம் நிலைமையை எடைபோடவில்லை, ரப்புக்கு நன்றி சொல்கிறார். அதை 8 என்றோ 3 என்றோ எழுத முடியாது. 'நலம்' என்று குறித்துக்கொண்டு திரும்பினால் அந்த வீட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. குறையை உரக்கச் சொல்லத் தெரிந்தவருக்கே எல்லாம் போகும்.

ஆகவே ரமலானுக்கு முந்தைய நம் கணக்கெடுப்புப் படிவத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். சென்ற மாதம் மாத்திரை வாங்காமல் விட்ட நாட்கள், வாடகை பாக்கி, அடகில் உள்ள நகை, பிள்ளை பள்ளிக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றைக் கேட்போம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குச் சகோதரிகளே வருவார்கள். கூச்சப்படாமல் கணக்கைச் சொல்லுங்கள்.