காட்டுமுன் விசாரி, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானில் இரண்டு வருடம் தங்கப்போவதாகவும், விசித்திரமாகக் கண்ணில் படுவதையெல்லாம் வரைந்து புத்தகமாக்கும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். நல்ல ஆசை. உன் பென்சிலுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமிருக்காது. பூனை அண்டாமலிருக்க வீட்டுச் சுவரோரம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பாதாளச் சாக்கடை மூடியில் அந்தந்த ஊரின் பூவோ கோட்டையோ வார்த்திருக்கும். சிலவற்றுக்கு வண்ணமும் தீட்டியிருப்பார்கள். முதல் வாரங்களில் எதையும் பொறுக்கி எடுக்காதே, கண்டதையெல்லாம் வரைந்து தள்ளு. சில மாதங்களில் கண் பழகிவிடும். பிறகு அந்தப் பாட்டில்கள் அங்கே இருப்பதே உனக்குத் தெரியாது.

ஆனால் வரைந்த சூட்டோடு யாருக்கும் காட்டாதே. ஏன் என்கிறாயா? கோயில் வளாகங்களிலும் சாலையோரங்களிலும் சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டி, பின்னல் குல்லா போட்ட சின்னச் சின்னக் கற்சிலைகளைப் பார்ப்பாய். பொம்மை போல இருக்கும்; சிரிப்புக்கூட வரும். அவை ஜிசோவின் சிலைகள்; குழந்தைகளைக் காக்கும் போதிசத்துவர் அவர். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், கருவிலேயே இழந்தவர்களும் அணிவித்த துணிகள் அவற்றில் உண்டு. இது தெரியாமல் படத்துக்குக் கீழே நீ ஒரு கிண்டல் வரி எழுதிவிட்டால், பிறகு அதை எப்படித் திரும்பப் பெறுவாய்?

தெருவில் நின்று நிதானமாகக் கவனிக்கும் கலையில் அந்த ஊர்க்காரர்களே நமக்கு ஆசான்கள். கோன் வாஜிரோ 1925இல் டோக்கியோவின் கின்சா வீதியில் நின்று, போகிறவர் வருகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணி எண்ணிப் படமாகப் பதிவுசெய்தார். ஓவியர் அகாசெகாவா கென்பெய் 1972இல் யோட்சுயா பகுதியில் ஒரு படிக்கட்டைக் கண்டார். இருபுறமும் படி ஏறுகிறது, மேலே போனால் கதவே இல்லை. நாமாக இருந்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டியிருப்போம். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். கைப்பிடியில் பழுதான ஓரிடத்தைப் புதிதாகச் சரிசெய்திருந்தது தெரிந்தது. பயனற்றுப் போன ஒன்றை யாரோ அக்கறையாகப் பராமரிக்கிறார்கள்! அத்தகையவற்றுக்குப் பின்னாளில் 'தாமசன்' என்று பெயர் வைத்தார். பெரும் சம்பளத்துக்கு யோமியுரி அணி கூட்டிவந்தும் பந்தை அடிக்கத் திணறிய அமெரிக்க பேஸ்பால் வீரர் கேரி தாமசனின் பெயர் அது. 1986இல் கட்டடக்கலை ஆய்வாளர் ஃபுஜிமோரி தெருனோபு முதலானவர்களோடு சேர்ந்து தெருவைக் கவனிப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். இவர்கள் யாரும் விசித்திரத்தைத் தேடி வேறு தேசம் போகவில்லை. தினமும் நடக்கும் தெருவிலேயே கண்டார்கள்.

உனக்கு அந்த வசதி இல்லை, நீ விருந்தாளி. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மொழியைக் கற்றுக்கொள், உடைந்த மொழியானாலும் பேசு. பக்கத்து வீட்டுப் பாட்டியும் மூலைக்கடைக்காரரும் சொல்வதை உன் படத்துக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதிவை.

கேட்டால் மட்டும் போதாது, வேலை நடக்கும்போதே போய்ப் பார்க்கவும் வேண்டும். கனசவா நகரத்து கென்ரொகுஎன் தோட்டத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் தேதி, பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். நடுவில் உயரமான கம்பம். அதன் உச்சியிலிருந்து கிளை கிளையாகக் கயிறு இறங்கும். தூரத்திலிருந்து மரத்தின் மேல் கூடாரம் போட்டதுபோல் தெரியும். அந்தப் பக்கத்துப் பனி ஈரமும் கனமுமாக விழுந்து கிளையை ஒடித்துவிடும், அதைத் தாங்கத்தான் அவ்வளவு கயிறும். கட்டி முடித்த பிறகு போய் அழகான படம் ஒன்றை வரைந்துகொண்டு வந்துவிடாதே. கட்டுகிற நாளிலேயே போ. ஏணியில் நிற்கும் தோட்டக்காரரின் கைகளை முதலில் வரை.

அன்புடன்,
உன் அண்ணன்