எடைக்குறைப்பு அறுவைக்குப்பின் தலைச்சுற்றல்

மிகைப் பருமனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உற்றோருக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை இன்று நம் நாட்டிலும் செய்யப்படுகின்றது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்டு மேசன் 1966இல் இரைப்பை மாற்றுவழி முறையைக் கையாண்டார். பின்னர் வந்த மற்றொரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, குறுகிய குழாய் போன்ற பாகமே எஞ்சுகின்றது. நகரத்தில் சிகிச்சை பெற்றுக் காளஹஸ்தி போன்ற ஊருக்குத் திரும்புபவருக்குத் தலை சுற்றினால், அவர் முதலில் காண்பது அறுவை மருத்துவரை அன்று. அண்டையிலுள்ள சுகாதார ஊழியரையோ ஆசிரியரையோதான். தலைச்சுற்றல் எப்பொழுது வருகின்றது என்று கேட்டால், காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம்.

எழுந்து நிற்கையில்

நாம் எழுந்தவுடன் இரத்தம் கால்களை நோக்கி இறங்குகின்றது. உடலில் நீர் குறைந்திருந்தால் மூளைக்குப் போதிய இரத்தம் எட்டுவதில்லை. சிறிய இரைப்பை ஒரு குவளை நீரை ஒரே மூச்சில் ஏற்காது. சித்திரை, வைகாசி வெயிலில், ராகு-கேது பூஜைக்கு உபவாசத்துடன் வரிசையில் நிற்பவருக்கு இத்தொல்லை எளிதில் நேரும். நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகி, ஏறக்குறைய ஒன்றரை லிட்டரேனும் உட்கொள்ளல் வேண்டும். கோடையில் இன்னும் மிகுதி தேவை. நீர்மோர் நன்று.

எடை குறைய இரத்த அழுத்தமும் குறைகின்றது. அறுவைக்கு முன் தரப்பட்ட மாத்திரையின் அளவு இப்பொழுது மிகையாகலாம். அதைத் தாமாக நிறுத்தாது, மருத்துவரைக் கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். நோயாளியை ஐந்து நிமிடம் படுக்கவைத்தும், பின் நிற்கவைத்து மூன்று நிமிடத்திற்குள்ளும் அழுத்தத்தை அளவிடுக. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மில்லிமீட்டர் குறைந்தால் மருத்துவரிடம் அனுப்புக.

உணவுக்குப்பின்

உண்ட அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்குடன் தலை சுற்றினால், இனிப்புணவு விரைந்து குடலில் இறங்கி நீரை அங்கு ஈர்த்ததே காரணமாகலாம். பானகம், சர்க்கரைப் பொங்கல் இவற்றைத் தவிர்த்து, பருப்பு, முட்டை, தயிர் முதலியவற்றை மென்று மெதுவாக உண்க. உணவோடு நீர் பருகாது, அரைமணி கழித்துப் பருகுக.

உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் கண்டால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அப்பொழுது மட்டும் சிறிது சர்க்கரை கொடுத்து, உடனே மருத்துவ ஆலோசனை பெறச் செய்க. நீரிழிவு மருந்தின் அளவையும் விசாரிக்க வேண்டும்.

நாள் முழுவதும்

ஓயாத களைப்பும் வெளுப்பும் கூடிய தலைச்சுற்றல் இரத்தசோகையைக் குறிக்கலாம். இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் இவர்களுக்குப் போதிய அளவு உட்கிரகிக்கப்படுவதில்லை. எனவே, பரிந்துரைத்த மாத்திரைகளை இடைவிடாது உண்ணல் அவசியம்.

அபாயக்குறி

தொடர்ந்து வாந்தி எடுப்பவர் தள்ளாடி நடந்தாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, மனம் குழம்பினாலோ தாமதம் கூடாது. இது தயாமின் என்னும் பி1 வைட்டமின் குறைவாகலாம். உடலிலுள்ள தயாமின் சேமிப்பு சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். தென்னாட்டில் இது பழைய பகைதான்: தீட்டிய அரிசி உண்போரைத் தாக்கிய பெரிபெரியை ஆராய ராபர்ட் மக்காரிசன் 1918இல் குன்னூரில் தொடங்கிய கூடமே, பின்னர் ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிலையமாயிற்று. அன்று அரிசியைத் தீட்டியதால் இழந்த சத்தை, இவர் வாந்தியால் இழக்கின்றார்.

மயங்கியவருக்குக் குளுகோஸ் ஏற்றுவது வழக்கம். தயாமின் குறைந்த உடலில் குளுகோஸ் மட்டும் சென்றால் மூளைக்குத் தீங்கு மிகலாம். தயாமின் ஊசி அதற்கு முன்னரோ அதனுடனோ இடப்படல் வேண்டும். ஆகவே, உடன் செல்பவர் அறுவை நடந்ததையும் வாந்தி நீடித்த நாள்களையும் மருத்துவரிடம் முதலில் கூறுக. மயக்கமுற்று வீழ்தல், கறுத்த மலம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றிலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக.

வினாக்கள்

1. உண்ட அரைமணியில் வரும் தலைச்சுற்றலுக்கும், இரண்டு மணியில் வருவதற்கும் உள்ள வேற்றுமை யாது?
2. குளுகோஸ் ஏற்றுமுன் மருத்துவருக்கு எவற்றைத் தெரிவிக்க வேண்டும்?