பட்டாணி கற்பித்த பரம்பரை விதி

பாட்டனின் சாயல் மகனிடத்தில் மறைந்து பேரனிடத்தில் தோன்றுதல் உண்டு. இவ்வாறு மறையும் குணம் எங்கே தங்குகிறது என்பதை எண்ணிக் கணக்கிட்டு முதன்முதல் விளக்கியவர் கிரிகோர் மெண்டல் என்னும் பாதிரியார். 1822-ஆம் ஆண்டில் குடியானவர் குடும்பத்திற் பிறந்த இவர், அக்காலத்தில் ஆஸ்திரிய இராஜ்யத்தைச் சேர்ந்திருந்த புருன் நகரத்து மடத்தில் வசித்தார். அந்நகர் இப்போது செக் குடியரசில் புர்னோ எனப்படும். 1856 முதல் 1863 வரை அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டுச் சோதனை நடத்தினார்.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தினாலேயே கருவுறும் இயல்புடையது. ஆதலின் மெண்டல் பூ விரியுமுன்னரே அதன் மகரந்தப் பைகளை நீக்கி, வேறு வகைச் செடியின் மகரந்தத்தைச் சேர்த்தார். உருண்டை விதை வகையையும் சுருங்கிய விதை வகையையும் இவ்வாறு கலந்தபோது உண்டான விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துவிட்டதோ எனின், இல்லை. அக்கலப்பு விதைகளை விதைத்து, செடிகளைத் தாமே கருவுற விட்டபோது 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

இதன் காரணம் யாதெனில், ஒவ்வொரு குணத்திற்கும் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு கூறுகள் விதையில் அமைகின்றன. உருண்டைக் கூறு ஒன்றிருப்பினும் விதை உருண்டையாகும். சுருக்கக் கூறு இரண்டும் சேர்ந்தால்தான் சுருக்கம் வெளிப்படும்.

மறுபடியும் உருண்டை விதைகளை மாத்திரம் விதைத்து 565 செடிகளை அவர் வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளையே தந்தன. 372 செடிகள் இருவகையும் தந்தன. பார்வைக்கு ஒன்றுபோலிருந்த விதைகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுருக்கத்தை உள்ளே மறைத்திருந்தன.

மெண்டல் 1865-இல் இம்முடிவுகளைச் சபையில் வாசித்தார். மறு ஆண்டு அவை அச்சாயின. ஆயினும் அறிஞர் பெரும்பாலோர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவர் 1884-இல் காலமானார். 1900-இல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் ஆகிய மூவரின் ஆராய்ச்சிகளால் அவ்விதிகள் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன.

பொதுக் களஞ்சியத்திற்கு விதை சேர்க்கும் சங்கத்தார் இதனின்று அறியத்தக்கது ஒன்றுண்டு. கலப்பு விதையின் விளைச்சலை மீண்டும் விதைத்தால் பயிர் ஒரே சீராக வாராது. விதையின் அழகு அதன் தூய்மைக்குச் சான்றாகாது. தேர்ந்த செடிகளின் விதைகளைத் தனித்தனியே விதைத்து, அவற்றின் சந்ததியைக் கண்ட பின்னரே நம்புதல் வேண்டும். ஒருவர் கலந்த விதை அனைவர் வயலையும் கெடுக்கும்.