டூ மார்க்கும் நாலு வரியும்

செமஸ்டர் பேப்பரில் பார்ட் ஏ என்றால் பத்து டூ மார்க், மொத்தம் 20. கொஸ்டின் பேங்கைப் புரட்டி, அப்படியே ஒப்பித்துவிட்டு வருகிறோம். ஃபர்ஸ்ட் இயரில் வரும் கிர்க்காஃப் மின்னோட்ட விதியையே எடுத்துக்கோங்க. சந்திக்குள் வரும் கரன்ட்டும் வெளியே போகும் கரன்ட்டும் சமம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் சமம்?

புத்தகத்தை மூடிவிட்டு, பிளஸ் ஒன் படிக்கும் தம்பிக்குச் சொல்வதுபோல நாலு வரி எழுதிப் பாருங்க. தி.நகர் பனகல் பார்க்கை வைத்து எழுதலாம். உஸ்மான் ரோடு, வெங்கட்நாராயணா ரோடு, ஜி.என். செட்டி ரோடு வழியாக வரும் வண்டிகள் ஏதாவது ஒரு ரோட்டில் வெளியே போயாகணும். மூன்றாவது வரியில் இடிக்கும்: வண்டியைத்தான் பார்க் பண்ணிவிடலாமே? (நம்ம ஊரில் நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழேயே பண்ணலாம்.) சந்தியில் சார்ஜ் அப்படித் தேங்கி நிற்காது. விதியின் உயிரே அந்த 'தேங்காது'தான். மனப்பாடம் பண்ணும்போது அது கண்ணில் படாது, எழுதும்போது மாட்டிக்கொள்ளும்.

பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் ஷ்வார்ட்ஸ் பெயரோடு சொல்லப்படும் 'மினிட் பேப்பர்' இதே வகை. வகுப்பு முடியும்போது இரண்டே கேள்வி: இன்று கற்றதில் முக்கியமானது எது? இன்னும் புரியாதது எது?

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் தயங்காமல் முதலில் தமிழிலேயே எழுதுங்க. அண்ணா பல்கலைக்கழகமே 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியதுதானே! விஷயம் பிடிபட்ட பிறகு இங்கிலீஷுக்கு மாற்றுவது சின்ன வேலை.

இன்றைக்கு ஒன்று: டயோடுக்கு ஓம் விதி ஏன் பொருந்தாது? நாலே வரி.