கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி



‘மிடி’ என்னும் சொல்லைத் தமிழ் கற்றோர் அறிவர். வறுமை என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் நாம் காணப்போகும் மிடியோ வேறு. மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மொழியின் பெயர் அது. இசைக்கருவிகளை எண்களின் வழியே இணைக்கும் முறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்பெயர் உண்டாயிற்று. அம்மொழி எவ்வாறு இயங்குகிறது, யார் அதனை ஆக்கினர், நம் இசைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பனவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

தேக்காவில் ஒரு வினா

சிங்கப்பூருக்குச் சென்று வருவோர்க்குத் தேக்கா புதிய இடமன்று. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் போன்ற கோவில்களில் விழாக் காலங்களில் நாகசுரமும் தவிலும் முழங்கக் கேட்டிருப்பீர்கள். அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், ரோச்சோர் வட்டாரத்தில், மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் சதுக்கம் இருக்கிறது.

நாகசுரக்காரரும் தவில்காரரும் எவ்வாறு ஒன்றுபட்டு வாசிக்கின்றனர்? ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கின்றார். அருகில் தாளம் போடுபவரின் ஓசையை இருவரும் கேட்கின்றனர். ஆனால் மின்னிசைப் பலகைக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஒரு கருவியின் கட்டையை அழுத்தியதும் வேறொரு கருவி ஒலிப்பதும், தாளப் பொறியும் கணினியும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து செல்வதும் எங்ஙனம் இயல்கின்றன? இதுவே நம் வினா.

கம்பியில் ஓசை செல்வதில்லை

வானொலிப் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் இணைக்கும் கம்பியில் ஓசையே மின்னலையாகச் செல்கிறது. மிடிக் கம்பியில் ஓசை செல்வதில்லை; ஆணை மட்டுமே செல்கிறது.

பால்மரத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டை எண்ணிப் பாருங்கள். இன்னார் இன்ன நிரைக்குச் செல்க என்று ஆணை பிறக்கிறது. அந்த ஆணையில் ஒரு சொட்டுப் பாலும் இல்லை. ஆயினும் அதன் பின்னரே வாளிகளில் பால் வந்து சேர்கிறது. மிடியின் செய்தியும் அத்தகையதே. யார் வாசிப்பது, எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்னும் மூன்றையும் அது சொல்லுகிறது. ஓசையை உண்டாக்குவது ஆணையைப் பெற்ற கருவியின் வேலை. ஒரே ஆணையைப் புல்லாங்குழல் ஓசைக்கும் அனுப்பலாம். வீணை ஓசைக்கும் அனுப்பலாம்.

எண்களே எழுத்துகள்

இம்மொழியின் எழுத்துகள் எண்கள். கருவியின் நடுவிலுள்ள ஒரு கட்டைச் சுருதிக்கு 60 என்று எண். அடுத்தடுத்த கட்டைகள் 61, 62, 63 என ஏறிச் செல்லும். 0 முதல் 127 வரை ஆக 128 இடங்கள் உள்ளன. ஒரு கட்டையைச் சட்சமாகக் கொண்டால், சரளி வரிசையில் நாம் முதலில் பாடும் மாயாமாளவகௌளையின் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று அமையும். மோகனம் 60, 62, 64, 67, 69, 72 என்று அமையும்.

ஒரு சுரத்தை எழுப்ப மூன்று எண்கள் போதும். எடுத்துக்காட்டாக 144, 60, 100 என்பதனைக் காண்க. 144 என்பது ‘முதல் வழியில் உள்ள கருவியே, ஒலிப்பாயாக’ என்னும் ஆணை. 60 சுரத்தின் எண். 100 விரல் அழுத்திய விசையின் அளவு. விரலை எடுத்ததும் நிறுத்தும் ஆணை செல்லும். இத்தகைய வழிகள் 16 உண்டு. ஆதலால் ஒரே கம்பியின் மூலம் 16 பகுதிகளுக்குத் தனித்தனியே ஆணையிடலாம்.

பழைய ஐந்து முனைக் கம்பியில் வினாடிக்கு 31,250 துடிப்புகள் செல்லும். ஓர் எண்ணுக்குப் பத்துத் துடிப்புகள் வேண்டும். மூன்று எண்களுக்கு முப்பது. ஆகவே ஓர் ஆணை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடியில் சென்று சேர்கிறது. பத்து விரல்களும் ஒருங்கே அழுத்தினாலும் ஆணைகள் வரிசையாகவே செல்லும். எனினும் நூற்றில் ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தவிலோசை காற்றில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கடப்பதற்கும் அதே நேரந்தான் ஆகிறது.

தாளம் காக்கும் துடிப்பு

கருவிகள் சேர்ந்து செல்வதற்கு ஒரு தாளக்காரர் வேண்டுமன்றோ? மிடியில் அப்பணியைச் செய்வது கடிகாரத் துடிப்பு. ஒரு கருவி தலைமை ஏற்று, ஓர் அட்சரத்திற்கு 24 துடிப்புகள் வீதம் அனுப்பும். மற்றவை அவற்றை எண்ணியபடியே வாசிக்கும். ஆதிதாளத்தின் எட்டு அட்சரங்களுக்கு 192 துடிப்புகள். துடிப்பு விரைந்தால் காலம் விரையும். தளர்ந்தால் காலம் தளரும். தொடங்கு, நில், விட்ட இடத்திலிருந்து தொடர் என்னும் ஆணைகளும் தனியே உள்ளன.

போட்டியாளர் செய்த உடன்பாடு

1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தன் இனத்தோடு மட்டுமே பேசும். ஒருவர் செய்த கருவி மற்றவர் செய்ததற்குச் செவிடாகவே இருந்தது. இந்நிலை மாறவேண்டும் என்று 1981இல் முயன்றவர் ஜப்பானியரான இக்குதாரோ காகேஹாஷி. இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர். காசநோயோடு போராடி மீண்டவர். 1972இல் ரோலண்டு நிறுவனத்தை நிறுவியவர். கடிகாரம் பழுதுபார்த்த கை பின்னாளில் கருவிகளுக்கெல்லாம் பொதுக் கடிகாரம் அமைக்கத் துணைநின்றது எண்ணி மகிழத்தக்கது.

அமெரிக்கரான டேவ் ஸ்மித் அவரோடு இணைந்தார். யமாகா, கோர்க், கவாய் முதலிய நிறுவனங்களும் சேர்ந்தன. 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் நிறுவனக் கருவியும் ரோலண்டு கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. இம்மொழியைப் பயன்படுத்துவோரிடம் அவர்கள் உரிமக் கட்டணம் கேட்கவில்லை. அதனாலன்றோ அது உலகெங்கும் பரவிற்று! இருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. காகேஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் மறைந்தனர்.

கம்பத்துச் சிறுவரின் சாதனை

இம்மொழி சாதாரண வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்ததில் சிங்கப்பூருக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் வளர்ந்த சிம் வோங் ஹூ சிறுவயதிலேயே வாயால் ஊதி வாசிக்கும் ஹார்மோனிக்காவை விரும்பிக் கற்றவர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த அவர், 1981இல் தம் இளமைக்கால நண்பருடன் சைனாடவுன் வட்டாரத்துப் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையைத் தொடங்கினார். அதுவே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது.

அக்காலத்துக் கணினிகளுள் பல ‘பீப்’ என்று ஒலிப்பதன்றி வேறு அறியா. 1989இல் இந்நிறுவனம் வெளியிட்ட ‘சவுண்டு பிளாஸ்டர்’ என்னும் அட்டையைப் பொருத்தியதும் கணினி பாடவும் பேசவும் தொடங்கிற்று. விளையாட்டுக் கைப்பிடியைச் செருகும் வாய் ஒன்று அதில் இருந்தது. தக்க கம்பியை மாட்டினால் அதே வாய் வழியாக மிடிக் கருவியையும் இணைக்கலாம். அட்டை உலகெங்கும் விற்றது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்னும் பெருமையையும் கிரியேட்டிவ் பெற்றது. சிம் 2023 சனவரியில் காலமானார்.

நம் இசைக்கு எவ்வளவு பொருந்தும்?

இனி, மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். 24 என்னும் எண்ணை மீண்டும் பாருங்கள். திஸ்ர நடைக்கு மூன்றால் வகுத்தால் 8. சதுஸ்ர நடைக்கு நான்கால் வகுத்தால் 6. மீதி இல்லை. ‘தகதகிட’ என்னும் கண்ட நடைக்கு ஐந்தால் வகுத்தால் 4 மீதி நிற்கிறது. மிஸ்ரத்திற்கு ஏழால் வகுத்தால் 3 மீதி. சங்கீர்ணத்திற்கு ஒன்பதால் வகுத்தால் 6 மீதி. தவில்காரர் சரளமாக வாசிக்கும் மூன்று நடைகள் இக்கடிகாரத்தின் துடிப்பில் நேராக விழுவதில்லை. கருவியே இடைவெளியைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். கணினி மென்பொருள்கள் சிலவற்றில் ஓர் அட்சரத்தை 480 கூறுகளாகப் பகுக்கின்றனர். அதனை ஐந்தால் வகுத்தால் 96, மீதியில்லை. ஏழால் வகுத்தால் அங்கும் மீதி உண்டு. ஆயின் அச்சிறு வேறுபாடு செவிக்குப் புலப்படாது.

சுரத்திலும் இதே நிலைதான். 62க்கும் 63க்கும் இடையே கட்டை இல்லை. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதன்று. அசைந்தே தன் உருவைப் பெறுவது. இதற்கென மிடியில் சுருதியை வளைக்கும் செய்தி ஒன்று உண்டு. அதில் 16,384 படிகள் உள்ளன. ஆனால் அது ஒரு வழியில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். சுரத்திற்குச் சுரம் தனி வழி தரும் முறை 2018இல் ஏற்கப்பட்டது. 2020இல் வந்த இரண்டாம் மிடியில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நுண்மையாக வளைக்க இடம் உண்டு.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? மொழியை ஆக்கியவர் தாம் அறிந்த இசைக்கேற்ப எண்களைத் தேர்ந்தனர். அஃது அவர் குற்றமன்று. கண்ட நடையும் கமகமும் அறிந்தோர் அவையில் அமர்ந்திருப்பின் வேறு எண்ணும் ஆராயப்பட்டிருக்கலாம். நாளைய கருவிகளுக்கு எண் வகுக்கும் அவையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். அதற்கு வாய்ப்பாடும் தெரிய வேண்டும். சரளி வரிசையும் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

பெற்றோர்களே! பாட்டு வகுப்பு கணக்குப் பாடத்திற்கு இடையூறு என்று எண்ணாதீர். விலையுயர்ந்த கருவி வாங்கவும் வேண்டுவதில்லை. தொடையில் தட்டி ஐந்தையும் ஏழையும் எண்ணத் தெரிந்த பிள்ளை, மின்பொறி தடுமாறும் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். கம்பி ஆணையைச் சுமக்கும். இசையைச் சுமக்க வேண்டியவர் நாமே.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ரூபக தாளத்தின் ஆறு அட்சரங்களுக்கு எத்தனை கடிகாரத் துடிப்புகள் தேவை?
2. மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் யாது? ஏழையும் சேர்த்தால் யாது?
3. மிடிக் கம்பியில் செல்வது ஓசையன்று என்பதனை உம் வீட்டார்க்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.