அனுப்புனவர் நல்லவர்தான்... ஆனா செய்தி?

இன்னைக்குப் பாடம் கொஞ்சம் வேற மாதிரி. வாட்ஸ்அப்பில், யூடியூபில் வருவதில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பது பற்றி. நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018 ஏப்ரல் கடைசி. எங்கள் பாதயாத்திரை குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் நம்ம பக்கம் இறங்கியிருக்கு, குழந்தைகளை வெளியே விடாதீங்க என்று பதறுகிற குரல். பேசுவது யார், எந்த ஊர், என்ன தேதி, எதுவுமே அதில் இல்லை. ஆனால் அனுப்பியது எங்க குருசாமி. வருஷா வருஷம் எங்களைப் பழனிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர். பொய் பேசாத மனுஷன். அவரே அனுப்பியிருக்கார்னா சரியாத்தான் இருக்கும் என்று, பஸ்ஸில் நின்றபடியே மூணு குரூப்புக்குத் தட்டிவிட்டேன்.

மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூருக்கு ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோயிலுக்கு வந்தவர்கள். வழியில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவங்க என்று ஊரே துரத்தி அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். அவர்கள் வடநாட்டுக்காரர்களும் இல்லை, கும்பலும் இல்லை. சாமி கும்பிட வந்த நம்ம ஆட்கள்.

நான் தட்டிவிட்டது அந்த ஊர் வரைக்கும் போனதா என்று எனக்குத் தெரியாது. போகவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் குருசாமியிடம் கேட்டேன், "சாமி, அந்த ஆடியோ உங்களுக்கு யார் அனுப்புனது?"

"மச்சினன் அனுப்புனாப்ல சாமி. அவனுக்கு யாரு அனுப்புனான்னு தெரியல."

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் நம்பியது குருசாமியை. ஆனால் அந்தச் செய்தியைச் சொன்னது குருசாமி இல்லை. அவரும் என்னை மாதிரி ஒரு கை மாற்றிவிட்டவர்தான். அனுப்பினவர் நல்லவர் என்பது வேறு, செய்தி உண்மை என்பது வேறு. இந்த ரெண்டையும் ஒண்ணாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

அதற்குப் பிறகு நான் பழக்கமாக்கிக்கொண்டது இவைதான்:

1. முதலில் சொன்னது யார்? பெயர், ஊர், தேதி மூணும் இல்லாத செய்தியை நான் கை மாற்றுவதில்லை. "இன்று காலை" என்று மட்டும் இருந்தால், அது எந்த வருஷத்து இன்று என்று பாருங்கள்.

2. ரெண்டு அம்புக்குறி இருக்கிறதா? ஒரு செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருந்தால் வாட்ஸ்அப் அதைக் காட்டும். அதற்காக அது பொய் என்று அர்த்தமில்லை. எழுதின ஆள் நம்மிடமிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

3. முழுசா இருக்கிறதா? அதே சமயம் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுத்தியது. பைக்கில் வந்த ரெண்டு பேர் தெருவில் நின்ற குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். சந்தேகம் வந்தால் வீடியோவை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

4. பயமா, கோபமா வருதா? அப்போதுதான் விரல் சீக்கிரம் போகும். போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். உண்மையான செய்தி என்றால் அதற்குள் ரெண்டு பேப்பரிலாவது வந்திருக்கும்.

5. உண்மையிலேயே ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தோணுதா? குரூப்பில் போடாதீர்கள். 1098-க்கு அல்லது போலீசுக்குப் போன் போடுங்கள்.

"இதை 11 பேருக்கு அனுப்பு, செவ்வாய்க்கிழமைக்குள் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கெட்டது" என்று வேல் படத்தோடு வருகிறதே, அதுவும் இதே கணக்குதான். முருகன் பெயர் இருக்கிறதே என்று பயந்து அனுப்ப வேண்டாம். எழுதியது முருகன் இல்லை.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-லிருந்து பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். கம்பெனியே நம் விரலைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

இப்போது எங்கள் குரூப்பில் எது வந்தாலும் குருசாமிதான் முதலில் கேட்பார், "இது யாரு சொன்னது சாமி?" பதில் வராவிட்டால் அழித்துவிடுவார். நீங்களும் உங்கள் குரூப்பில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். அம்மா அனுப்பினாலும் கேளுங்கள், மரியாதையோடு. இந்தப் பதிவை நான் அனுப்பினாலும்தான்.

வேலும் மயிலும் துணை.